பாய்சன் ஐவியை மருந்தடிக்காமல் ஒழிக்க முடியுமா?

நியூ ஜெர்சியில் போன வருடம் வீடு வாங்கியிருக்கிறீர்கள். பின்பக்க வேலி ஓரம் முப்பது அடிக்குப் பாய்சன் ஐவி, அதாவது பட்டால் தோல் அரித்துக் கொப்புளிக்கிற கொடி, மண்டிக் கிடக்கிறது, ஓக் மரம் ஒன்றிலும் ஏறிவிட்டது. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை, ஒரு நாய். அவரையும் கத்தரியும் போடுகிற பாத்தி அதே ஓரத்தில்தான். அதனால் களைக்கொல்லி வேண்டாம், வினிகரும் உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து அடித்தால் போய்விடும் என்கிறார்களே, சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்தில்லாமல் முடியும், நான் ஒழித்திருக்கிறேன், மூன்று வருடம் ஆனது. வினிகர் கலவை வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஒரே வார இறுதியில் முடித்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

இந்தச் செடியைக் கொல்வது பெரிய விஷயமே இல்லை. கோரைக்கிழங்கோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதெல்லாம் சின்னப் பையன். வேர் ஆழம் போகாது, பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணுக்குள்ளேயே கிடையாக ஓடும், ஈர மண்ணில் இழுத்தால் கயிறு மாதிரி வரும். தொல்லையெல்லாம் அதிலிருக்கும் எண்ணெயால்தான். உருஷியால் என்று பெயர். இலை, தண்டு, வேர், காய் எல்லாவற்றிலும் இருக்கிறது. செடி செத்தாலும் போகாது, காய்ந்து சருகான கொடியில்கூட வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். இதை யோசித்தால் ஒரு விஷயம் புரியும்: மருந்தடித்துக் கொன்றாலும் அந்தச் செத்த கொடியைக் கையுறை போட்டு நீங்கள்தான் அள்ள வேண்டும், அப்போதும் அதே எண்ணெய்தான், அதே அரிப்புதான். குழந்தை விளையாடுகிற இடத்தில் செத்த கொடியை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. மருந்து உங்களுக்கு மிச்சப்படுத்துவது கொஞ்சம் முதுகுவலியைத்தான். அதனால் மருந்தில்லாமல் செய்வது ஏதோ வீர வழி என்றெல்லாம் நினைக்க வேண்டாம், உங்கள் அளவு இடத்துக்கு அதுதான் நேர்வழி.

என் கதையைச் சொல்கிறேன், இது எவ்வளவு எளிதாக ஏமாற்றும் என்பது தெரியும். இங்கே வந்து வீடு வாங்கிய முதல் வருடம், வேலி ஓரம் அவரை விதை ஊன்றியிருந்தேன். ஜூன் மாதம் பார்த்தால் நான் ஊன்றாத இடத்திலும் அவரை முளைத்திருக்கிறது. மூன்று மூன்று இலை, தளதளவென்று பளபளப்பாக. அட, பறவை எதுவோ விதையைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, வெறுங்கையால் நாலைந்து நாற்றைப் பிடுங்கி வேலியோரம் வரிசையாக நட்டேன். ஆம், நட்டேன். தண்ணீரும் ஊற்றினேன். பறவை கொண்டுவந்து போட்டது என்ற வரையில் நான் நினைத்தது சரிதான்.

உடனே ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இதன் சூது. முதல் முறை பட்டால் உடம்பு அதை எதிரியென்று கற்றுக்கொள்ள நேரம் எடுக்கும், இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். நட்டதையே மறந்துவிட்ட பிறகு ஒருநாள் இரண்டு முன்கையிலும் கோடு கோடாகச் சிவந்து, பொடிப்பொடியாக நீர் கோத்து, ராத்திரி தூங்க முடியாத அரிப்பு. அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, இது அக்கிதான், சந்தேகமே இல்லை, காவி மண் கிடைத்தால் குழைத்துப் பூசு என்றார். அமெரிக்காவில் அக்கி எழுத எந்தக் குயவரைத் தேடுவது என்று யோசித்துக்கொண்டே மருந்துக்கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண் கையைப் பார்த்த இரண்டாவது நொடியில் கேட்டார்: தோட்ட வேலை செய்தீர்களா? அக்கி பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாக வரும். இது செடி உரசிய தடத்திலேயே கோடு போட்ட மாதிரி வரும், இரண்டு கையிலும் வரும். அந்தக் கோடுகளைப் பார்த்தாலே இங்கே வளர்ந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அதனால் முதல் வேலை அடையாளம் பழகுவது. மூன்று இலை என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் மூன்று இலை அவரைக்கும் உண்டு, வில்வத்துக்கும் உண்டு. வில்வ இலையை ஒருமுறை மனதில் கொண்டுவாருங்கள்: நடு இலைக்கு மட்டும் நீளமான காம்பு, பக்கத்து இரண்டும் காம்பில்லாத மாதிரி ஒட்டிக்கொண்டு எதிரெதிராக இருக்கும். இதுவும் அதே அமைப்புதான். பக்க இலைகளில் வெளிப்புறம் மட்டும் ஒரு பல் துருத்திக்கொண்டிருக்கும், கட்டைவிரலை நீட்டிய கையுறை மாதிரி, ஆனால் எல்லா இலையிலும் இருக்கும் என்று நம்பாதீர்கள், ஒரே கொடியில் பல்லுள்ள இலையும் இல்லாத இலையும் வரும். முள் கிடையாது. முள் இருந்தால் அது பிளாக்பெரி வகை. தண்டில் இலைகள் மாறி மாறி இருக்கும், நேரெதிராக ஜோடி ஜோடியாக இருந்தால் அது பாக்ஸ் எல்டர் என்ற மேப்பிள் கன்று, பாவம், நிறையப் பேர் அதைப் பார்த்து அலறுகிறார்கள். ஐந்து இலை இருந்தால் வர்ஜீனியா க்ரீப்பர். வசந்தத்தில் துளிர் செம்பழுப்பாக வரும், கோடையில் பச்சை, இலையுதிர் காலத்தில் மற்ற பலவற்றையும்விட முன்னதாக நல்ல சிவப்பு. காய்கள் வெள்ளை, மிளகு அளவு, கொத்தாக. மரத்தில் ஏறிய பழைய கொடி முழுக்கப் பழுப்பு மயிர் முளைத்த கயிறு மாதிரி இருக்கும், குளிர்காலத்தில் இலையே இல்லாதபோதும் அந்த மயிர் காட்டிக்கொடுத்துவிடும். அந்த மயிரெல்லாம் மரத்தைப் பற்றிக்கொள்ளும் வேர்கள். இளங்கொடியில் மயிர் இருக்காது, அதையும் நினைவில் வையுங்கள்.

நடுவில் ஒன்று. இது நமக்கு ஒன்றும் அந்நியமான குடும்பம் இல்லை. மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் இதன் பங்காளிகள். ஐவி என்று பெயர் இருந்தாலும் ஐவிக்கும் இதற்கும் உறவில்லை, மாமரத்துக்குத்தான் உறவு. மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணானவர்கள் நம் ஊரில் எத்தனை பேர், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள் கையில் ஏன் சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொள்கிறார்கள், வண்ணார்கள் துணியில் குறி போட்ட சேங்கொட்டைச் சாறு சிலருக்கு ஏன் கழுத்தில் தடித்தது, எல்லாமே ஒரே வகை ரசாயனத்தின் வேலை. உருஷியால் என்ற பெயரே ஜப்பானில் அரக்குப் பூச்சுக்கு எடுக்கும் உருஷி மரத்துப் பாலிலிருந்து வந்தது, அந்த மரமும் இதே குடும்பம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாய்சன் ஐவியில் ஒருமுறை நன்றாக வாங்கிக்கொண்ட உடம்பு அதற்குப் பிறகு மாம்பழத் தோலையும் அடையாளம் கண்டுகொள்ளக்கூடும். எனக்கு அப்படித்தான் ஆனது. அடுத்த கோடையில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கிவந்து, ஊரில் சாப்பிடுகிற மாதிரியே தோலோடு கடித்து உறிஞ்சினேன், இரண்டாம் நாள் உதடு வீங்கி மேலே வெடித்துவிட்டது. இப்போது வேறு யாராவது தோல் சீவிக் கொடுத்தால் சதை மட்டும் சாப்பிடுகிறேன், ஒன்றும் செய்வதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது மாங்காய்ப் பால் ஒத்துக்கொள்ளாது என்றால் அவர்களை இந்த வேலைக்குப் பக்கத்தில்கூட விடாதீர்கள்.

எனக்கெல்லாம் ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்களும் உண்டு. நூறு பேரில் எண்பது பேருக்கு மேல் இது செய்யும். மீதிப் பேருக்கும் எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். பிடுங்குவதற்கு முன்னால் கழுவுவதற்கான ஏற்பாட்டை முடித்துவிடுங்கள், இதை நான் நூறு தடவை சொல்வேன். பலாப்பழம் அறுத்த கையை வெறும் தண்ணீரில் கழுவினால் பால் போகுமா? போகாது, இன்னும் இழுபடும். இந்த எண்ணெயும் அப்படித்தான், ஒரே வித்தியாசம், பலாப்பால் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. தோலில் பட்டால் அது உள்ளே இறங்கத் தொடங்கச் சில நிமிடங்கள் போதும், பத்து நிமிடத்துக்குள் கழுவினால் பெரும்பாலும் தப்பிக்கலாம், அரை மணிக்கு மேல் போனால் கழுவுவதில் பெரிதாகப் பலன் இருக்காது. அதனால் வெளிக்குழாய்ப் பக்கத்திலேயே பாத்திரம் கழுவும் சோப்பு, தேய்க்க இரண்டு பழைய துணி, ஒரு பாட்டில் ரப்பிங் ஆல்கஹால், திறந்து வைத்த குப்பைப் பை ஆகியவற்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் கையுறையே போட வேண்டும். சோப்பு எது என்பதைவிடத் தேய்ப்பதுதான் முக்கியம். துணியால் அழுத்தித் தேய்த்து, அலசி, மறுபடியும் சோப்பு போட்டுத் தேய்த்து, மொத்தம் மூன்று முறை. டெக்னு போன்ற தனி சோப்பெல்லாம் விற்கிறார்கள், வாங்கினால் தப்பில்லை, ஆனால் டப்பாவை வாங்கி வைத்துவிட்டுத் தேய்க்காமல் விட்டால் அதுவும் வீண்தான்.

உடை: தூக்கிப் போடத் தயாரான முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, காலுறைக்குள் செருகிய கால். இது உண்ணிக்கும் சேர்த்துத்தான். இந்த மாநிலத்தில் வேலியோரப் புதரில் மான் உண்ணி இருக்கும், லைம் நோய் வரும், முடித்ததும் உடம்பைத் தேடிப் பாருங்கள். கையுறை விஷயத்தில் மெல்லிய லேட்டெக்ஸ் ரப்பரை நம்பாதீர்கள், இந்த எண்ணெய் அதில் ஊடுருவும். கனமான வினைல் நல்லது. நான் உள்ளே நைட்ரைல், வெளியே மலிவான பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, பருத்தியை ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடுவேன். மணிக்கட்டில் சட்டைக் கையும் கையுறையும் சேருகிற இடம் இருக்கிறதே, அங்கேதான் எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள், அங்கே டேப் சுற்றுங்கள். அப்புறம் கையுறையோடு மூக்கைச் சொறியாதீர்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் வியர்க்கும்போது கை தானாகப் போகும். அதனால்தான் நான் கொளுத்துகிற ஜூலையில் இந்த வேலை செய்வதே இல்லை.

எப்போது செய்வது? வசந்தத்தில் செம்பழுப்புத் துளிர் வரும்போது, அல்லது இலையுதிர் காலத்தில் சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும்போது. இரண்டிலும் குளிர்ச்சியாக இருக்கும், இவ்வளவு உடையைப் போட்டுக்கொண்டு பொறுமையாக வேலை செய்யலாம். முந்தின நாள் நல்ல மழை பெய்திருக்க வேண்டும். மழை இல்லையென்றால் முந்தின சாயங்காலமே ஹோஸ் போட்டு ஊறவிடுங்கள். காய்ந்த மண்ணில் இழுத்தால் வேர் அறுந்து உள்ளே நிற்கும், நிற்கிற துண்டு ஒவ்வொன்றும் மறுபடி துளிர்க்கும்.

சின்னச் செடிகளுக்கு ஒரு சுலபமான முறை. நாய் போனதை எடுக்கிறோமே, அதே முறை. நீளமான பிளாஸ்டிக் பையை (பிரெட் பை, செய்தித்தாள் வருகிற பை) கையில் மாட்டி, செடியின் அடித்தண்டை மண்ணோடு ஒட்டிப் பிடித்து, மெதுவாக இழுத்து, வந்ததும் பையை அப்படியே உள்வெளியாகத் திருப்பினால் செடி பைக்குள், கை வெளியே. முடிச்சுப் போட்டுக் குப்பைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். ஒரு பைக்கு ஒரு செடி. கஞ்சத்தனம் பார்த்து அதே பையை இரண்டாவது செடிக்கும் பயன்படுத்தினால் மொத்தப் பயனும் போய்விடும்.

படர்ந்து கிடக்கிற கொடிக்கு இது பத்தாது. ஒரு ஓரத்தில் ஆரம்பித்து, களைக்கொத்தால் அடித்தண்டைச் சுற்றி மண்ணைத் தளர்த்திவிட்டு, வேரைப் பிடித்து மண்ணுக்கு இணையாக, தரையோடு தரையாக இழுங்கள். நேராக மேலே தூக்கினால் அறுந்துவிடும். நல்ல ஈரமாக இருந்தால் பென்சில் கனத்துக்கு ஒரு வேர் புல்லைப் பிளந்துகொண்டு நாலடி ஐந்தடிக்குத் தையல் பிரிகிற மாதிரி வரும், வழியில் கணுவுக்குக் கணு இன்னொரு முளை, அதுவரை தனிச் செடி என்று நினைத்ததெல்லாம் ஒரே கொடியின் பிள்ளைகள் என்பது அப்போதுதான் தெரியும். உண்மையைச் சொன்னால் இந்தக் கட்டம் ரொம்பத் திருப்தியாக இருக்கும், அதனாலேயே ஆபத்து, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று கழுவுவதை மறந்துவிடுவீர்கள். ஒரு நாளைக்கு ஆறடி வேலி, முக்கால் மணி நேரம், அத்தோடு நிறுத்திவிட்டுப் போய்க் குளிக்க வேண்டும். வெந்நீர்த் தொட்டியில் உட்காராதீர்கள், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளியுங்கள், இல்லையென்றால் எண்ணெயைத் தொட்டியில் கரைத்து உடம்பு முழுக்கப் பூசிக்கொண்ட மாதிரி ஆகும்.

ஓக் மரத்துக் கொடியைக் கீழே இழுக்கவே கூடாது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு இழுப்பீர்கள், இலையும் காயும் பட்டைத்தூளும் முகத்தில் கொட்டும். இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு, தரையோடு ஒரு வெட்டு, நடுவிலிருக்கும் துண்டை மட்டும் நெம்பி எடுத்துவிடுங்கள். கைரம்பம் போதும், செயின்சா வேண்டாம், தூளை வாரியடிக்கும். மேலே உள்ளது தண்ணீர் கிடைக்காமல் மரத்திலேயே காய்ந்து, சில வருடத்தில் துண்டு துண்டாக விழும். விழுகிற துண்டிலும் எண்ணெய் இருக்கும், அதைக் கையுறையோடு பொறுக்குங்கள். அடிக்கட்டையின் வேரைத் தோண்டி எடுக்க வேண்டும், மரத்தின் சொந்த வேர் குறுக்கே இருந்தால் முழுக்க எடுக்க முடியாது, பரவாயில்லை, அது துளிர்க்கும்போதெல்லாம் வெட்டிக்கொண்டே இருங்கள். இந்த வேலைக்குப் பிப்ரவரி கடைசிதான் சரியான காலம், இலை இல்லை, உண்ணித் தொல்லை குறைவு, கொடி தெளிவாகத் தெரியும். இலை இல்லாவிட்டாலும் எண்ணெய் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வேலிக்கு அடியில், கல்லுக்கு இடையில் என்று இழுக்க முடியாத இடங்கள் கட்டாயம் இருக்கும். அங்கே மூடிப்போடுவதுதான் வழி. செடியைத் தரையோடு வெட்டி எடுத்துவிட்டு, டேப் உரித்த அட்டைப் பெட்டிகளை இரண்டு அடுக்காக, ஓரம் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி விரித்து, நனைத்து, அதன் மேல் அரையடிக்கு மரச்சீவல் கொட்டுங்கள். மரம் வெட்டுகிறவர்கள் சீவலைப் பல இடங்களில் இலவசமாகவே கொட்டிவிட்டுப் போவார்கள், ஆனால் வெட்டிய மரத்தில் இதே கொடி இருந்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் விலையில்லாமல் வீட்டுக்கே வினையைக் கொண்டுவந்த மாதிரி. குறைந்தது ஒரு முழு வளர்காலம், இரண்டு என்றால் இன்னும் நல்லது. கொடி வெளிச்சம் தேடி அட்டையின் ஓரம் வழியாக எட்டிப் பார்க்கும். வாரம் ஒருமுறை ஓரத்தை மட்டும் சுற்றிவந்து எட்டிப் பார்த்ததை வெட்டுங்கள். ஒளி இல்லாமல், இலை விட முடியாமல், வேர் தன் சேமிப்பைத் தின்று தீர்த்துவிடும். பட்டினிபோடுவதுதான் இதன் சூத்திரம். வெறுமனே வெட்டிக்கொண்டே இருந்தாலும் இதே பலன்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் இலை முழுக்க விரிவதற்குள் வெட்ட வேண்டும், மாதக்கணக்கில் விட்டுவிட்டு வெட்டினால் அதற்குச் சாப்பாடு போட்டு வளர்த்த கணக்கு.

இப்போது வினிகர். சமையலறை வினிகர் ஐந்து சதவீத அமிலம், அது இலையைக் கருக்கும், வேரைத் தொடாது, இரண்டு வாரத்தில் மறுபடி துளிர்க்கும். இருபது சதவீத வினிகரும் விற்கிறார்கள், அது இன்னும் நன்றாகக் கருக்கும், கண்ணில் தெறித்தால் கண்ணையும் கெடுக்கும், வேரை அப்போதும் முழுசாகத் தொடாது. மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதை முதுகில் கட்டிக்கொண்டு அடிப்பதில் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. உப்பு அதைவிட மோசம். வேரைக் கொல்லுகிற அளவு உப்பைக் கொட்டினால் அந்த மண்ணில் அவரையும் வராது, கத்தரியும் வராது, மழையில் கரைந்து பாத்திக்குள்ளும் இறங்கும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றலாம், நடைபாதை வெடிப்பில் ஒன்றிரண்டு முளைத்திருந்தால் அது நல்ல வழியும்கூட, முப்பது அடி வேலிக்கு எத்தனை கெட்டில் சுமப்பீர்கள்?

ஆடு வாடகைக்கு விடுகிறார்களாமே என்று அடுத்து கேட்பீர்கள். விடுகிறார்கள். ஆடு தொடாத இலைக்கு நாம் ஆடாதொடை என்று பெயர் வைத்தோம், பாய்சன் ஐவி அந்த ரகம் இல்லை, ஆடு இதை ஆசையாகத் தின்னும், அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆடு மேலே உள்ள இலையைத்தான் தின்னும், வேரைத் தின்னாது, மறுபடி மறுபடி கூட்டிவர வேண்டும், அப்புறம் உங்கள் அவரைக்கும் அதே மரியாதைதான் கிடைக்கும். ஒரு ஏக்கர் புதருக்குச் சரி, உங்களுக்கு வேண்டாம். பார்க்க வந்த ஆட்டைக் குழந்தை கட்டிப்பிடித்தால் அதன் மயிரில் ஒட்டிய எண்ணெய் குழந்தைக்கு வரும். உங்கள் நாய்க்கும் இதே கணக்கு. நாய்க்குப் பெரும்பாலும் அரிக்காது, அது புதரில் புரண்டுவிட்டு வந்து சோபாவில் ஏறும், உங்களுக்கு அரிக்கும். வேலை முடிகிறவரை அந்தப் பக்கம் தற்காலிகத் தடுப்பு போடுங்கள், போய்விட்டால் கையுறை போட்டுக் குளிப்பாட்டுங்கள். நைலான் கயிறு சுழல்கிற புல்வெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது, அது செடியைக் கூழாக்கி உங்கள் முழங்காலில் தெளிக்கும்.

எரிக்கக்கூடாது. நம் ஊரில் சருகைக் கூட்டி ஒரு மூலையில் குவித்துக் கொளுத்திவிட்டால்தான் தோட்டம் சுத்தம் செய்த மாதிரி, அந்தப் பழக்கம் கையிலேயே ஊறியிருக்கிறது. இதில் மட்டும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் புகைத்தூளோடு ஏறி மூச்சுக்குழாய்க்குள், நுரையீரலுக்குள் போகும், ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்கு ஆகும், உயிருக்கே ஆபத்தாகலாம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். குளிர்காலத்தில் நெருப்புக்குழியில் போட விறகு எடுக்கும்போதும் கட்டையில் அந்த மயிர்க்கொடி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உரக்குழியிலும் போடாதீர்கள், அடுத்த வருடம் அதே உரத்தைக் கையால் அள்ளுவது நீங்கள்தான். தடித்த பையில் இரட்டையாகக் கட்டி வீட்டுக் குப்பையோடு போட வேண்டும், தோட்டக் கழிவோடு அல்ல. உங்கள் டவுன்ஷிப் (உள்ளூர் நிர்வாகம்) இதற்கு ஏதாவது தனி விதி வைத்திருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கத்தரி, ரம்பம், களைக்கொத்து எல்லாவற்றையும் சோப்பால் கழுவி ஆல்கஹாலால் துடையுங்கள், கைப்பிடியைக் குறிப்பாக. துணியைத் தனியாக, சூடான தண்ணீரில். ஷூ லேஸை மறப்பார்கள், நான் மறந்தேன், குளித்து முடித்து மூன்றாம் நாள் லேஸ் கட்டிய விரல் இரண்டிலும் வந்தது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு இடத்தில் வரும். வந்தால் பயப்படாதீர்கள், கொப்புளத்து நீர் பட்டு அடுத்தவருக்குப் பரவாது, குழந்தையைத் தூக்கலாம். நாளுக்கொரு இடமாகப் புதிதாக வருவது பரவுவதால் அல்ல, எண்ணெய் அதிகம் பட்ட இடத்தில் முதலிலும் குறைவாகப் பட்ட இடத்தில் பின்னாலும் வெளியே தெரிகிறது, அல்லது கழுவாத ஏதோ ஒரு பொருளிலிருந்து மறுபடி வாங்குகிறீர்கள். குளிர்ந்த ஈரத்துணி, காலமைன், ஒரு சதவீத ஹைட்ரோகார்டிசோன் களிம்பு, ஓட்ஸ் கரைத்த குளியல், இவை அரிப்பைத் தணிக்கும், ஆனால் ஒன்றிலிருந்து மூன்று வாரம் அது இருந்துவிட்டுத்தான் போகும். முகம், கண், பிறப்புறுப்புப் பக்கம் வந்தாலோ, உடம்பில் நிறைய இடத்தில் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். மாத்திரையாக ஸ்டீராய்டு கொடுத்தால் சொன்ன நாள்வரை முழுக்கச் சாப்பிடுங்கள். இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள், அரிப்பு நின்றுவிட்டது என்று ஐந்தாம் நாளே நிறுத்தினால் திரும்பி வந்து நிற்கும். புகை பட்டு மூச்சுத் திணறினால் யோசிக்காமல் அவசர எண் 911.

அடுத்த வருடம் அதே இடத்தில் துளிர் வரும், மனம் தளர வேண்டாம், முதல் வருடத்தில் எனக்கு நாற்பது பை, இரண்டாம் வருடத்தில் ஐந்தாறு, மூன்றாம் வருடத்தில் ஒரு சின்னப் பை. முழுக்க நின்றுவிடுமா என்றால் நிற்காது, பறவைகளுக்கு அந்த வெள்ளைக் காய் குளிர்காலச் சாப்பாடு, தின்றுவிட்டு வேலியில் உட்கார்ந்து எச்சம் போடும், அங்கே முளைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலியை ஒட்டி ஒரு நடை, கையில் பிரெட் பை, அவ்வளவுதான். காற்றில் கரியமிலவாயு கூடக் கூட இந்தச் செடி இன்னும் வேகமாக வளர்கிறது, எண்ணெயும் வீரியமாகிறது என்று வட கரோலைனாவில் டியூக் பல்கலைக்கழகக் காட்டில் நடந்த ஆய்வொன்று 2006-இல் வெளிவந்தது, அதனால் இந்த நடை குறையப்போவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் காட்டில் உள்ளதை விட்டுவிடுங்கள். இது இந்த மண்ணின் செடிதான், வந்தேறி இல்லை. மானும் தின்னும், பறவையும் தின்னும், அரிப்பு நமக்குத்தான்.

ஓக் மரத்துக் கொடி எவ்வளவு கனம் என்று நீங்கள் எழுதவில்லை. மணிக்கட்டுக்கு மேல் கனம் இருந்தால் கைரம்பத்தில் வெட்ட நேரமாகும், யார் வெட்டுவது என்று யோசிக்க வேண்டும். அடித்தண்டை ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்தால் அளவு தெரியும். எடுக்கும்போது வேலை செய்த கையுறையோடு போனைத் தொடாதீர்கள். நான் தொட்டேன், அதே போனில்தான் அம்மாவோடு அரை மணி நேரம் பேசினேன், அடுத்த வாரம் முழுக்க வலது காதில் காலமைன்.